இரண்டு பேர் என்று எழுதினோம்

படிவத்தில் ஒரு கட்டம்:
சம்பவ நேரத்தில் கேபினில் இருந்தவர் எத்தனை பேர்.
இரண்டு என்று எழுதினார் டிரைவர் வேதமாணிக்கம்.
கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.
தனவேல், டீசல் அசிஸ்டென்ட், கடலூர் துறைமுகம்.

இரண்டு பேருக்கென்று செய்த பெட்டிதான் அது.
ஆனால் மீட்டர்கேஜ் நாட்களில்
அதில் யார்தான் ஏறவில்லை?
கடப்பாரையும் காய்ச்சலுமாக ஒரு கீமேன்.
சம்பளம் வாங்க விருத்தாசலம் போகும் கேட்கீப்பர்.
இரவு முறை முடிந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்
ஏறியதும் தூங்கிவிடுவார், தலை ஹேண்ட்பிரேக் சக்கரத்தில்.
ஒருமுறை ஒரு தையல் மெஷின் வந்தது,
அதன் சொந்தக்காரர் பின்னால் கார்டு வண்டியில்.
இன்ஸ்பெக்டர் ஏறும் நாளில் மட்டும்
சட்டப்படி இருந்தோம்.

அஞ்சலாட்சி புதனும் ஞாயிறும்.
செவ்வாய் வெள்ளியில் மீன் யார் வாங்குவார்கள்?
விடிகாலை மூன்றே முக்காலுக்குச் சரக்கு வண்டி.
ஆறரை பாசஞ்சரில் போனால்
நெய்வேலியில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.
கூடையை முதலில் ஏற்றுவாள், பிறகு தன்னை.
மேலே சங்கரா, கவலை. அடியில் நண்டு.
ஒரு நண்டு தப்பிப் போன அன்று
குறிஞ்சிப்பாடி வரை
காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தபடியே ஓட்டினார் வேதமாணிக்கம்.
காசு வாங்கமாட்டார்.
ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையில்கூட
கவலை மீன் அடிப்பதாக அவர் வீட்டில் சண்டை.

அது ஐப்பசி, பெருமாள் ஏரி தளும்பிய வருஷம்.
என்ஜினைத் திருப்ப வழியில்லாமல்
நீள மூக்கை முன்னால் வைத்துப் போய்க்கொண்டிருந்தோம்.
அப்படிப் போகையில் டிரைவருக்குப் பாதி உலகம்தான் தெரியும்,
மீதிப் பாதி என் ஜன்னலில்.
நான் "பச்சை" என்பேன்.
அவர் "பச்சை" என்று திருப்பிச் சொல்வார்.
பார்க்காததைப் பார்த்ததாக
அவர் நம்பும் முறை அது.

கவர்னரில் ஆயில் இறங்கிவிட்டது.
டார்ச்சோடு வெளியே நடைபலகையில் இருந்தேன்,
ஒரு கை கம்பியில், மழை காதுக்குள்.
என் ஜன்னலில் அவள் நின்றாள்.
யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"செவப்பு" என்றாள்.
"செவப்பு" என்றார் வேதமாணிக்கம்,
யார் குரல் என்று யோசிக்காமலே.
கை அதற்குள் பிரேக்கைத் தள்ளியிருந்தது.
கம்பியில் என் தாடை மோதியது. டார்ச் போயே போய்விட்டது.

நின்ற இடத்துக்கு நாலு பெட்டி தூரம் தள்ளி
கேங்மேன் பாவாடை
விளக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு,
அழுகிறானா மழையா தெரியவில்லை.
அவனுக்குப் பின்னால் தண்டவாளம் இருந்தது.
தண்டவாளத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை.

திருச்சியிலிருந்து கேட்டு எழுதினார்கள்:
சிவப்பு விளக்கை முதலில் கண்டவர் யார்.
அவள் பேரை எழுதினால் அவளுக்கு அபராதம்,
அவருக்கு சஸ்பென்ஷன்.
என் பேரை எழுதினால் எனக்கு
இருநூற்றைம்பது ரூபாயும் ஒரு சான்றிதழும்.
தாடைக் காயம் வசதியாக இருந்தது.

பணத்தை அப்படியே கொண்டுபோய் நீட்டினேன்.
மீன் ஏலத்தின் நடுவே, ஈரக்கையால் எண்ணி,
நூற்றுப் பத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தாள்.
"அன்னிக்குக் கூடை கவுந்து போச்சில்ல, அதுக்கு."
"பார்த்ததுக்கு?"
"அதுக்கு ஒங்க ஆபீஸ்ல வெலை இருக்கா?"
என்றாள். ஏலத்துக்குத் திரும்பிவிட்டாள்.

லைன் சரியாகி முதல் புதன்.
கூடையை ஏற்றினாள், தன்னை ஏற்றினாள்,
நேராக என் ஜன்னலுக்குப் போனாள்.
நான் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.
துறைமுகத்து வெளி சிக்னல்.
"பச்சை" என்றாள்.
வேதமாணிக்கம் திருப்பிச் சொல்லவில்லை,
என்னைப் பார்த்தார்.
நான் எட்டிப் பார்த்து "பச்சை" என்றேன்.
அப்புறம்தான் அவர் சொன்னார்.